அவர்கள் காதுபட வாசித்தோம்

சென்ற மாதம் ஒரு காலை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து அடுப்பில் பால் வைத்திருந்தேன். தேன்மொழி போன் செய்தாள். தேன்மொழி இப்போது வேலூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறைப் பேராசிரியர். மாணவியாக இருந்தபோது ஆரணியில் நான் வேலை பார்த்த சமூகசேவை மையத்துக்குப் பயிற்சிக்கு வந்தவள். எனக்குத் தங்கை மாதிரி. அதனால்தான் 'அவள்' என்று எழுதுகிறேன்.

"பத்மாக்கா, எங்க டிபார்ட்மென்ட்ல வார்த்தையெல்லாம் மாத்தப் போறோம்" என்றாள்.

என்ன வார்த்தை என்று கேட்டேன். 'கேஸ்' வேண்டாமாம், 'கிளையண்ட்' வேண்டாமாம், 'பயனாளி' வேண்டாமாம். 'பிரச்சினைக் குடும்பம்', 'சிதைந்த குடும்பம்' எல்லாம் பாடத்திலிருந்தே போகிறதாம். 'களப்பணி' என்பதுகூட சிலருக்கு உறுத்துகிறதாம். மனிதர்கள் குடியிருக்கும் தெருவை, நாம் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற களம் என்று சொல்லலாமா என்று ஒரு மாணவி கேட்டாளாம். இதையொட்டி மாணவர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்கள், நானும் எழுதித் தர வேண்டும் என்றாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், பேராசிரியர்கள் நடுவில் எனக்கு என்ன வேலை என்றேன். "கிரேஸ் அம்மாவைப் பத்தி எழுதுங்கக்கா. சுமதி வீட்டைப் பத்தி எழுதுங்க. அதை நான் எழுதினா சரியா வராது. நான் அதுல மாட்டிக்கினவ" என்று சிரித்தாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் புதுப் பேர் வைக்கறாங்களே, உன்னை இனிமே என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றார். "அதையும் கமிட்டிதான் முடிவு பண்ணணும்" என்றேன். பால் பொங்கிவிட்டது.

நான் ஆரணிக்காரி. நாங்கள் நயினார் வீடு, அதாவது தமிழ் ஜைனர்கள். கல்யாணத்துக்குப் பிறகு, கணவருக்கு அரிசி மில்லில் கணக்கு வேலை போதாமல் இருந்தபோது, மையத்தின் பால்வாடியில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாட்டுச் சொல்லி, மூக்குத் துடைத்துச் சில வருடங்கள் போயின. பிறகு வேலூரில் ஒரு குறுகிய பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போகிற பணியில் என்னைப் போட்டார்கள். பயிற்சியில் நிறைய எழுதிக்கொண்டேன். உண்மையில் நான் கற்றதெல்லாம் கிரேஸ் அம்மாவுக்குப் பின்னால் தெருவில் நடந்து கற்றதுதான். பால்வாடியில் இருந்ததால் ஊரில் பாதிப் பேருக்கு நான் கடைசிவரை 'டீச்சர்'தான்.

கிரேஸ் அம்மா மையத்தின் பொறுப்பாளர். பெரிய படிப்புப் படித்தவர்கள். காலையில் ஜெபம் பண்ணாமல் அலுவலகக் கதவைத் திறக்க மாட்டார்கள். நான் அருகன் பெயரைச் சொல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன். இதனால் எங்களுக்குள் ஒரு நாளும் மன வருத்தம் வந்ததில்லை. எங்கள் வழக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். இதை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, மாலைக் கூட்டங்களை எல்லாம் மதியத்துக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டவர்களிடம், "எனக்கு சாயங்காலம் தலை வலிக்குது" என்றார்கள். அவர்களுக்குத் தலைவலியே கிடையாது என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

ஒரு வீட்டுக்குப் போனால் அம்மா நடந்துகொள்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வாசலிலேயே நின்று, "இப்ப வரலாமா, அப்புறம் வரட்டுமா?" என்று கேட்பார்கள். அப்புறம் என்று சொன்னால் உண்மையிலேயே திரும்பிவிடுவார்கள். மாணவர்களுக்கு முகம் வாடும். செருப்பைக் கழற்றி, வாசல் பக்கம் திரும்பியிருக்கும்படி வைப்பார்கள். கிளம்பு என்று அந்த வீட்டார் சொன்னால் ஜல்தியாகக் கிளம்ப வசதியாக, என்பார்கள். நாற்காலி போட்டால், வீட்டுக்கார அம்மா எங்கே உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு அங்கேயே பக்கத்தில் உட்காருவார்கள். பேனா மூடியோடுதான் கையில் இருக்கும். பேசுகிறவர் எதிரில் ஒரு வரி எழுத மாட்டார்கள். அலுவலகம் வந்துதான் எழுத்து.

எழுதுவதிலும் அவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. வயது எதுவானாலும் பெரியவர்களை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். கள் குடித்துவிட்டு வந்து எங்களை வைதவரைக்கூட 'அவர் குடித்திருந்தார்' என்றுதான் எழுதினோம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு நடைமுறை இருந்தது. வேறு எந்த மையத்திலும் அப்படி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிய அறிக்கை வெளியே எங்கே போவதானாலும், முதலில் அந்தக் குடும்பத்தார் காதுபட அதை முழுதாக வாசித்துவிட வேண்டும். அவர்கள் வீட்டில், அவர்கள் உட்காரச் சொன்ன இடத்தில். திருத்தம் சொன்னால் அங்கேயே திருத்த வேண்டும். அதற்கு 'வாசிப்பு' என்று பெயர். "நாளைக்கு யார் வீட்டுல வாசிப்பு?" என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

இது எப்படி வந்தது என்பதற்கு ரஹீம் பாயைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு டீ கொண்டுவருகிறவர். வாரம் ஒரு நாள் மாணவர்கள் தாங்கள் பார்த்த குடும்பங்களைப் பற்றி அம்மா முன்னால் படித்துக் காட்டுவார்கள். ஒரு பையன் எழுந்து, "என் கேஸ் ஒரு பிரச்சினைக் குடும்பம்" என்று ஆரம்பித்தான். பாய் டம்ளர்களை எங்கள் முன்னால் வைத்துக்கொண்டே வந்தார். பையன் தெருப் பெயரைச் சொன்னான், வீட்டு அடையாளம் சொன்னான். பாயின் கை நின்றுவிட்டது. மீதி டம்ளர்களைத் தட்டோடு கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டார்கள். பையனை முடிக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் வேப்ப மரத்தடியில் பாயோடு நின்று பேசினார்கள். நானும் போனேன்.

"அது என் தங்கச்சி வூடும்மா" என்றார் பாய். "பேஜார் கீது, ஒத்துக்கறேன். மச்சான் சரியில்ல, அதுவும் நெசம். ஆனா அந்தத் தம்பி வந்தப்ப என் தங்கச்சி அதுக்கு சேமியா பண்ணிக் குடுத்திச்சு. சாப்ட்டு வந்துதான் இப்படிப் படிக்குது."

அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். உள்ளே வந்து பையனைத் திட்டவில்லை. "நீ எழுதினது இதோ இருக்கு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போவோம். நீ அவங்க எதிர்ல இதைப் படி. எந்த இடத்துல உன் வாய் நிக்குதோ, அந்த இடத்துல கோடு போடு" என்றார்கள். பையன் இரவெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். 'கேஸ்' இல்லை, 'பிரச்சினைக் குடும்பம்' இல்லை. "இவருக்கு மூன்று பிள்ளைகள், கணவர் சரியாக வேலைக்குப் போவதில்லை" என்று இருந்தது. அன்று முதல் வாசிப்பு வழக்கமாகிவிட்டது.

அப்போதிலிருந்து அம்மா சொற்களில் ரொம்பக் கவனமானார்கள். ஒரு பெரிய கரும்பலகையில் பெயின்ட்டால் கோடு போட்டு, இடது பக்கம் சொல்லக் கூடாத சொற்கள், வலது பக்கம் அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை என்று தன் கையாலேயே எழுதிக் கூடத்தில் மாட்டினார்கள். அழகான கையெழுத்து. உடல் குறையுள்ளவர்களை ஊர் கூப்பிடுகிற பெயர்கள் எல்லாம் இடது பக்கம். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், அதுவும் இடது பக்கம். அந்த வரிசையில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று இருந்தது. அதற்கு எதிரே, வலது பக்கம், 'தனித்து வாழ்பவர்'.

எனக்கு அந்தப் பலகையை ரொம்பப் பிடிக்கும். மனம், வாக்கு, காயம் மூன்றினாலும் எந்த உயிரையும் வருத்தக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். காலால் எறும்பை மிதிக்காமல் நடப்பது போல நாக்கால் ஒருவரை மிதிக்காமல் பேச இங்கே ஒரு பலகையே இருக்கிறதே என்று இருக்கும். கைவிடப்பட்டவர் என்பது எவ்வளவு கொடுமையான சொல். குப்பையில் போட்ட பொருளைச் சொல்வது மாதிரி.

சுமதி வீட்டு விஷயம் வந்தது அந்தப் பலகை மாட்டிய பிறகுதான்.

சுமதி பட்டு நெய்கிறவர். கணவரும் அவரும் ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்தார்கள். வீட்டின் முன் அறை முழுக்கத் தறி. ஒரே பெண் திவ்யா, அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்தாள். ஒரு நாள் தறியில் ஏற்றிய பாவு பாதி நெய்திருக்கும்போதே கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனார். அங்கே வேறு ஒரு பெண்ணோடு குடும்பம் வைத்துவிட்டார் என்று ஊரார் சொன்னார்கள். திரும்பி வரவில்லை. மீதிப் பாவை சுமதியே உட்கார்ந்து நெய்து முடித்தார். அவருக்கு என்னைப் பால்வாடி நாளிலிருந்து தெரியும், திவ்யா எங்களிடம் படித்த பிள்ளை.

என்னிடம் ஒரு தடவை கேட்டார். "ஆரணியில இருந்துகினு பட்டு கட்டாத பொம்பள நீங்க ஒருத்திதான் டீச்சர். ஏன்?"

புழு சாகிறது, எங்கள் வீட்டில் கட்டுவதில்லை என்றேன்.

"அப்ப நெய்யற நான் பாவியா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. நெய்யறவளும்தான் கட்டறதில்ல" என்றார். அந்த மாதிரி ஆள். எதையும் நேராக நம் முகத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்.

இந்த நிலையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு திவ்யா வீட்டுக்கு வரவில்லை. ஆரணி பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து காட்பாடி ரயில் நிலையம் வரை போய்விட்டாள். தனியாக நின்ற பிள்ளையை ரயில்வே போலீஸ் பிடித்து ஒப்படைக்க, குழந்தைகள் இல்லத்தில் வைத்தார்கள். பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று எங்கள் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். அதற்குள் கணவரின் அண்ணன் தெள்ளாரிலிருந்து வந்து, தம்பி மனைவி தம்பியைப் பிரிந்து தனியாக இருக்கிறார், நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, எங்களிடம் கொடுங்கள் என்று மனு கொடுத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. தம்பி பிள்ளை தெருவில் நிற்கிறதே என்ற பயம் அவருக்கு.

வீட்டு நிலைமையைப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி குழு எங்கள் மையத்தைக் கேட்டது. நாங்கள் என்ன எழுதுகிறோமோ அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை ஆரணியா தெள்ளாரா என்பது. சுமதிக்கு வேறு எதுவும் கிடையாது. அந்தப் பெண், அந்தத் தறி, அவ்வளவுதான்.

அறிக்கை எழுதும் பொறுப்பை அம்மா தேன்மொழிக்குக் கொடுத்தார்கள். வந்த மாணவிகளிலேயே கவனமானவள். பலகையைப் பார்த்துப் பார்த்துச் சொல் சொல்லாக எழுதினாள். அம்மா படித்துவிட்டு, "இவ்வளவு மரியாதையா எழுதின ரிப்போர்ட்டை நான் பாத்ததில்ல" என்றார்கள். நானும் படித்தேன். ஒரு சொல் குத்தவில்லை.

மறுநாள் வாசிப்பு. சுமதி தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அங்கேயே இருங்கள் என்று அம்மா தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் தேன்மொழியும் உட்கார்ந்தோம். சுமதி குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, துணியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

தேன்மொழி வாசித்தாள். வீடு சுத்தமாக இருக்கிறது, பிள்ளையின் படிப்பு நன்றாக இருக்கிறது, அக்கம்பக்கத்தார் நல்லவிதமாகச் சொல்கிறார்கள். சுமதி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "குழந்தையின் தாயார் கணவரைப் பிரிந்து, தனித்து வாழ்பவர்" என்று வாசித்ததும், "நிறுத்தும்மா" என்றார்.

தேன்மொழி நிறுத்தினாள்.

"நான் எங்கம்மா பிரிஞ்சேன்?"

சுமதி தறியைத் தட்டிக் காட்டினார்.

"நான் இங்கியேதான கீறேன். அதே வூடு, அதே தறி. அவரு வுட்டுட்டுப் போன பாவைக்கூட நான்தான் நெய்ஞ்சேன். பிரிஞ்சின்னு எழுதிகிறியே, தெள்ளார்க்காரரும் அதானே எழுதிக் குடுத்துக்கிறாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன்காரர் மனுவில் இருந்த அதே பேச்சு, எங்கள் அறிக்கையில் இன்னும் கொஞ்சம் இஸ்திரி போட்டு இருந்தது.

அம்மா மெதுவாகச் சொன்னார்கள். "சுமதி, 'கைவிடப்பட்டவர்'னு எழுதற வழக்கம் இருக்கு. அது உங்களைக் கீழே தள்ளற மாதிரி இருக்கும்னுதான் நாங்க அதை எழுதறதில்ல. உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

"நோவு வார்த்தையிலயாம்மா கீது?" என்றார் சுமதி. குரலை உயர்த்தவில்லை. "நீங்க நல்லாத்தான் எழுதிகிறீங்க. ஆனா இந்தத் தங்கச்சி படிச்சதுல நான் கீறேன், என் பொண்ணு கீது, வூடு கீது. அவரு எங்க? வுட்டுட்டுப் போன ஆளையே காணோமே. அப்ப தப்பெல்லாம் யார் மேல வந்து நிக்கும்?"

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அந்தப் பலகையை எவ்வளவு ஆசையாக எழுதி மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொருவராக இருந்தால் ஏன் அப்படி எழுதினோம் என்று விளக்கிக்கொண்டே போயிருப்பார்கள். படித்தவர்கள், பொறுப்பாளர், அதற்கு உரிமை உண்டு. அம்மா ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பேனா மூடியைத் திறந்தார்கள். ஒருவர் வீட்டில், அவர் எதிரில், அம்மா பேனாவைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

சுமதி பாவு இழைகளைக் கையால் நீவினார். பிறகு சொன்னார். "என் வூட்டுக்காரரு என்னையும் என் பொண்ணையும் வுட்டுட்டுப் போய்ட்டாரு. நான் போகல. அவ்ளோதான்."

அம்மா அதை அப்படியே எழுதினார்கள். எழுத்துத் தமிழுக்குக்கூட மாற்றவில்லை. 'குழந்தையின் தாயார் கூறுவது' என்று மேலே மட்டும் போட்டார்கள். அடுத்த தெருவில் இருவரிடம் கேட்டு, அது உண்மை என்று அதன் கீழே எழுதினார்கள்.

அங்கிருந்து நேராக இல்லத்துக்குப் போய் திவ்யாவுக்கும் வாசித்தோம். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று அங்கே இருந்தவர்கள் கேட்டார்கள். "அவளைப் பத்தினதுதானே" என்றார்கள் அம்மா. போலீஸ் கொடுத்த தாளில் இருந்தபடி 'வீட்டைவிட்டு ஓடிய சிறுமி' என்று நாங்கள் எழுதியிருந்தோம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த திவ்யா திரும்பினாள்.

"நான் ஓடல டீச்சர். அப்பாவைக் கூட்டியாரப் போனேன்" என்றாள். "அம்மாகிட்ட சொன்னா வேணாம்னும், அதான் சொல்லல."

அதையும் அம்மா அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

திருவண்ணாமலைக்கு நாங்கள் மூவரும் சுமதியுமாகப் பஸ்ஸில் போனோம். குழுவின் தலைவர் வயதான பெண்மணி, அமைதியானவர். சுமதியைக் கணவர் பெயர் கேட்டார். சுமதி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் இன்னும் பல பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. நான்தான் எழுந்து சொன்னேன். தெள்ளார் அண்ணன் தன் பங்குக்கு, தம்பி மனைவி தம்பியைப் பிரிந்து இருக்கிறார் என்று ஆரம்பித்தார். தலைவர் கையமர்த்திவிட்டு, எங்கள் அறிக்கையிலிருந்து அந்த மூன்று வரியையும் உரக்கப் படித்தார். 'நான் போகல. அவ்ளோதான்.' அந்த அறையில் அந்தப் பேச்சுத் தமிழ் ஒரு ஆள் எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

"உங்க தம்பி இப்ப எங்கங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பெங்களூர்னு சொல்றாங்க."

"அப்ப பிரிஞ்சு போனது யாரு?"

"அவன்தாம்மா" என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மனுவை வற்புறுத்தவில்லை. இல்லத்திலிருந்து அழைத்து வந்திருந்த திவ்யாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். தாயிடமே இருக்கட்டும், மையம் மாதாமாதம் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சுமதி திவ்யாவின் தலையை ஒரு தடவை தடவினார். பிறகு என்னிடம், "ஆரணி பஸ்ஸு எப்ப டீச்சர்? தறி அப்படியே கெடக்குது" என்றார். அண்ணன்காரர் எங்கள் எல்லோருக்கும் பஸ் நிலையத்தில் டீ வாங்கித் தந்தார். திவ்யாவுக்கு பிஸ்கட். பஸ் கிளம்பும்வரை நின்றார்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும், அம்மா கூடத்துக்கு வந்து பலகையைக் கழற்றச் சொன்னார்கள். மாணவிகள் எல்லாரும் இருந்தார்கள். "இதுல பாதி சரி. அந்தப் பாதி உங்களுக்கு இப்பவே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார்கள். "மீதிய நான் யாரையும் கேக்காம எழுதிட்டேன். அழகா இருக்குன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். அந்தப் பலகையை வீணாக்கவில்லை. திருப்பி மாட்டி, பால்வாடிப் பிள்ளைகள் சாக்பீஸால் கிறுக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் வாசித்தோம். 'கைவிடப்பட்டவர்' வேண்டவே வேண்டாம், என் பிள்ளைகள் படிப்பார்கள் என்று அழுத பெண்களும் உண்டு. அவர்கள் சொன்னபடி எழுதினோம். 'ஊனம்னே எழுதுங்க, அப்பதான் பஸ் பாஸ் குடுப்பான்' என்று சிரித்தவர் உண்டு. அவருக்கு அப்படி. இது எனக்கு ஒரு பாடம். வருத்தாமல் பேச வேண்டும் என்பது எங்கள் அறம், உண்மை பேச வேண்டும் என்பதும் அதே அறம்தான். இரண்டும் ஒரே தட்டில் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பொறுமை இருந்தது. பகவான் அப்படி ஒருவரிடம் என்னை வேலைக்கு அனுப்பியதற்கு நான் இன்றும் காலையில் கைகூப்புகிறேன்.

இதை எழுதி முடித்ததும் தேன்மொழிக்கு அனுப்பலாம் என்று கவரைக்கூட எடுத்துவிட்டேன். என் கணவர்தான், "வாசிப்பு முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அதனால் முதலில் கண்ணமங்கலம் போனேன். கிரேஸ் அம்மா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார்கள். காது கொஞ்சம் மந்தம். உரக்க வாசித்தேன், பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கேட்டார்கள். முடிந்ததும், "என்னைப் பத்தி ரொம்ப எழுதியிருக்க பத்மா. அந்தத் தலைவலி விஷயத்தை எடுத்துடு" என்றார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். "வாசிப்புல சொன்னா எடுக்கணும், அதான் ரூல்" என்றார்கள். ரிட்டையர் ஆகிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர்கள் சொல்லை மீறியிருக்கிறேன்.

பிறகு சுமதி வீடு. தறி இன்னும் அதே இடத்தில்தான். திவ்யா வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், அன்று லீவு. சுமதி தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். திருவண்ணாமலையில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அவர் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தேன். "நான் அழலியே டீச்சர். பஸ்ஸுதான கேட்டேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், அழுதது நான். அதை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "என் பேரு போட்டுகிறீங்க, திவ்யா பேரு போட்டுகிறீங்க. அவரு பேரு எங்க?"

நான் போடவில்லை. ஊரில் படிப்பார்கள், எங்கோ உயிரோடு இருக்கிற மனிதர், எதற்கு என்று தயங்கினேன். நீங்களே அந்தப் பெயரைச் சொல்வதில்லையே என்றும் சொன்னேன்.

"நான் சொல்லாதது வேற. நீங்க எழுதாதது வேற" என்றார்.

திவ்யாவைப் பார்த்தேன். அவளுக்கு அப்பாவாயிற்றே. அவள் நின்றபடியே, "போடுங்க டீச்சர். என் இனிஷியலே அவருதான். ஆஸ்பத்திரிக்கு டெய்லி பேட்ஜுல போட்டு சட்டையில குத்திகினுதான் போறேன். இதுல மட்டும் ஏன் மறைக்கணும்?" என்றாள்.

சரி என்று பேனா மூடியைத் திறந்தேன். பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதுதான் முறை. "நீங்க சொல்லுங்க சுமதி. நான் எழுதறேன்."

சுமதி மகளைப் பார்த்தார். தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் அவர் வாயால் கேட்டிராத அந்தப் பெயரை, யாரோ அடுத்த தெரு ஆளைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"வெங்கடேசன்."

எழுதிக்கொண்டேன்.